இடது பக்கத்துக் காயில்

என் தம்பி கலியாணசுந்தரத்தைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும், ரேடியோ மெக்கானிக் ஆகிறேன் என்று கிளம்பி, முடியாமல் தறிக்கே திரும்பி வந்தவன் என்பார்கள். அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் 1973-ஆம் வருடம் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பெட்டியின் சத்தத்தைக் கேட்டவர்கள். அவர்கள் காதில் விழுந்தது பொய்யில்லை. ஆனால் அது ஏன் அப்படிக் கேட்டது என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்கே தெரிவதற்கு நாலரை வருடம் ஆயிற்று. தெரிந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

நான் அவனுக்கு நான்கு வயது மூத்தவள். வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்து, மூன்றாம் வருடமே தாலியை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தேன். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். தம்பிக்கு வயது பத்தொன்பது. அவன் தறிக் குழியில் கால் வைத்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. எங்கள் காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலையும் வலது கரையையும் நெய்கிறவரே பார்த்துக்கொள்வார். இடது கரைக்கு இழையைச் சுமந்து ஓடும் நாடா தனி. அதைப் போட இன்னொருவர் அவருக்கு இடது பக்கம் உட்கார வேண்டும். வந்த மறுவாரமே அந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். நாடாவுக்குள் வைக்கும் குச்சியில் பட்டு இழையைச் சுற்றுவது சிறு வயதிலிருந்தே என் வேலை. அதைத் தார் சுற்றுவது என்போம். என் தாரைப் போல முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை இறுக்கம் மாறாத தார் அந்தத் தெருவில் கிடையாது. இதை நான் சொல்லவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

தம்பிக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் வலது இடுப்பு மூட்டைக் கெடுத்துவிட்டுப் போனது. நடந்தால் தெரியாது. குழியில் இறங்கி நாள் முழுக்க மிதிபலகையை மிதித்தால் சாயங்காலம் தெரியும். சுவரைப் பிடித்துத்தான் மேலே ஏறுவான். 1970-ல் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, குழியை விடாவிட்டால் ஐம்பது வயதுக்கு முன்னால் கோல் ஊன்ற வேண்டிவரும் என்று சொல்லிவிட்டார். வேறு வேலை என்ன தெரியும் என்று கேட்டாராம். ரேடியோ தெரியும் என்று இவன் சொல்லியிருக்கிறான்.

அது உண்மை. கூட்டுறவு சங்கத்துப் படிப்பகத்தில் ஊமையாய்க் கிடந்த ரேடியோவைக் கேட்டு வாங்கித் திறந்து, இரண்டு மாதத்தில் பேச வைத்தவன் அவன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பழைய புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, படத்தில் உள்ள கோட்டையும் பெட்டியில் உள்ள கம்பியையும் விரல் வைத்து ஒப்பிட்டே கற்றுக்கொண்டான். அதைக் கேள்விப்பட்டுத்தான் மைக் செட் கண்ணாயிரம் அவனைக் கூப்பிட்டார். கல்யாணம், திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். பழுது வந்தால் தம்பியிடம் கொடுப்பார். பேருந்து நிலையத்துக்கு எதிரில் ரேடியோ ரிப்பேர் கடை ஒன்று திறக்கும் எண்ணம் அவருக்கு இருந்தது. அதில் உட்காரத் தம்பி ஆசைப்பட்டான். அங்கே நாற்காலி உண்டு, குழி இல்லை. வேறு எதையும் அவன் அந்த வயதில் ஆசைப்பட்டு நான் பார்க்கவில்லை.

கண்ணாயிரம் லேசில் பிடி கொடுக்கிறவர் இல்லை.

"மைக் செட்ட எவன் வேணா ரிப்பேர் பண்ணுவான்பா. மெட்ராஸ்ல இப்ப ஸ்டீரியோன்றான். ரெண்டு காதுக்கு ரெண்டு பெட்டி. அதுல செத்துப்போனது ஒண்ண எழுப்பிக் காட்டு. கடையில நீதான் உக்காருவ. நான் வாக்கு தவறமாட்டேன்" என்றார்.

இதற்கு நடுவில் ஒரு புடவை. 1971 ஐப்பசியில், அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, கரையில் நகத்தளவு அன்னங்கள். இடது கரை அன்னம் வலது பக்கம் பார்க்க வேண்டும், வலது கரை அன்னம் இடது பக்கம் பார்க்க வேண்டும். அப்போதுதான் கட்டினவள் மேல் இரண்டு கரையும் ஒன்றையொன்று பார்க்கும். கரைக்கு உருவம் கொடுக்கும் நூல்களைத் தறியில் கட்டும்போது, இடது பக்கத்தைத் திருப்பிக் கட்டத் தம்பி மறந்துவிட்டான். நெய்யும்போது கண்ணில் படவில்லை. அவன் கண்ணில் மட்டும் இல்லை, இடது கரைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த என் கண்ணிலும் படவில்லை. புடவைக் கடையில் மடித்துக் கரையோடு கரை சேர்த்த பிறகுதான் எல்லா அன்னமும் ஒரே பக்கம் போவது தெரிந்தது. புடவை திரும்பி வந்துவிட்டது. அன்று நான் அவனைப் பேசிய பேச்சு அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். இடதும் வலதும் ஒன்றில்லை என்பது மூன்று தலைமுறையாக நெய்கிறவன் வீட்டில் மறக்கிற விஷயமா என்று கேட்டேன்.

மறுவருடம் சித்திரையில் அரக்கோணத்தில் ரயில்வே குடியிருப்பில் ஒரு கல்யாணத்துக்கு ஒலிபெருக்கி கட்டக் கண்ணாயிரத்தோடு போனவன், கண்கள் பளபளக்கத் திரும்பி வந்தான். பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகிறாராம். வீட்டில் பதினான்கு வருடத்துக்கு முந்தைய சீமை ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர் ஒன்று, அதற்கு ஜோடியாக டியூனர் ஒன்று. டியூனர் ரேடியோ நிலையத்தைப் பிடிக்கும். ஆம்ப்ளிபயர் அதை இரண்டாகப் பிரித்து உரக்கப் பாடும். இரண்டும் பாடி மூன்று வருடம் ஆகிறது. அந்த அம்மாவுக்குப் பணம் வேண்டாம், கொண்டுபோக ஒரு காஞ்சிபுரம் பட்டுதான் வேண்டும் என்றார்களாம்.

அன்னப் புடவையை எடுத்துக்கொண்டு நானும் அவனோடு போனேன். குறையை மறைத்துக் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கரையைப் பிரித்துக் காட்டி, பறவைகள் எதிரெதிரே பார்க்க வேண்டும், இதில் ஒரே பக்கம் பார்க்கின்றன என்று நானே சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு பேர்டும் ஒரே ஊருக்குப் போவுது, அவ்ளோதானே? நாங்களும் அப்டிதாம்மா போறோம்."

ரயிலில் ஒரு பெட்டி அவன் மடியில், ஒரு பெட்டி என் மடியில். வீட்டு வாசலில் இறக்கியதும் தம்பி மனைவி இந்திராணி மேல்மூடியைத் தூக்கினாள். உள்ளேயிருந்து கரப்பான் பூச்சிகள் சிதறி ஓடின.

"புடவைய குடுத்துட்டு பொணத்த வாங்கியாந்திருக்காரு உங்க தம்பி. அழுவறதுக்கு ஆள் சொல்லட்டுமா அண்ணி?" என்றாள்.

அதற்கும் அவன் சிரித்தான். அந்த ஒன்பது மாதமும் அவன் சிரித்த முகமாகத்தான் இருந்தான்.

நாலு மணி வரை தறி. அதற்கு மேல் வெளிச்சம் இருக்கும் வரை பெட்டி. அவன் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். எந்தக் கம்பியையும் முதலில் பிடுங்கவில்லை. கரைக்கு உருவம் வரைகிற கட்டத்தாளை எடுத்து, பெட்டியின் உள்ளே எது எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி எங்கிருந்து எங்கே போகிறது என்று கட்டம் எண்ணி வரைந்தான். ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு நிறப் பட்டு இழையை அடையாளமாகக் கட்டினான். இடது பக்கத்துக்கு அரக்கு, வலது பக்கத்துக்கு மஞ்சள், மின்சாரம் வரும் வழிக்குக் கறுப்பு. அதன் பிறகுதான் பற்றவைப்புக் கோலைச் சூடாக்கினான். மெழுகு உருகி வழிந்திருந்த கண்டென்சர்களை ஒவ்வொன்றாக மாற்றினான். சென்னை ரிச்சி தெருவுக்கு ஆறு முறை போய் வால்வுகள் வாங்கி வந்தான். துருப்பிடித்த தகட்டைச் சுரண்டி வெள்ளி மாதிரி ஆக்கினான். பித்தளைத் திருகுகளைப் புளி போட்டுத் தேய்த்தது இந்திராணி. வாய்தான் அப்படி, வேலைக்கு அவள் பின்வாங்கியதில்லை.

டியூனரில் முள்ளை நகர்த்தும் நூல் அறுந்திருந்தது. கடையில் கிடைத்த நைலான் நூல் சக்கரத்தில் வழுக்கியது. நான் மூன்று புரி பட்டை முறுக்கி, லேசாக மெழுகு தடவிக் கொடுத்தேன். முள் துளி நடுக்கம் இல்லாமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனது. அந்த டியூனர் பலகையில் இரண்டு வரிசை எண்கள். மேல் வரிசையில் சென்னையும் சிலோனும் வந்தன. கீழ் வரிசையில் ஒன்றும் இல்லை, மழை பெய்கிற மாதிரி ஓர் இரைச்சல்தான். சீமையில் அந்த வரிசையில்தான் துல்லியமாகக் கேட்குமாம். நம் தேசத்தில் அதற்கு நிலையமே இல்லை என்றான். இல்லாத நிலையத்துக்கும் சேர்த்தே எல்லாவற்றையும் பழுது பார்த்தான்.

"யாரும் குடி வராத வூட்டுக்கு வெள்ளையடிக்கிறாரு" என்றாள் இந்திராணி.

"வருவாங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

ஆம்ப்ளிபயரில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டிரான்ஸ்பார்மர்கள். வலது பக்கத்தது நன்றாக இருந்தது. இடது பக்கத்தது எரிந்துபோயிருந்தது. அதற்குள் தலைமயிரை விட மெல்லிய செம்புக் கம்பியில், அடுக்குக்கு அடுக்கு காகிதம் வைத்துச் சுற்றிய காயில். அதற்கு மேல் தடித்த கம்பியில் இன்னொரு சுற்று. மேல் சுற்று எரியவில்லை என்பதால் தம்பி அதைக் குலையாமல் உருவி எடுத்து வைத்துவிட்டான். எரிந்த கம்பியை மட்டும் துண்டு துண்டாகப் பிய்த்து, எண்ணிக்கொண்டே எடுத்தான். இரண்டாயிரத்து அறுநூற்று நாற்பது சுற்று. சென்னையில் இரண்டு கடைகளில் கேட்டான். இவ்வளவு மெல்லிய கம்பி மெஷினில் அறுந்து அறுந்து போகிறது, முடியாது என்றார்கள். நான் சுற்றித் தருகிறேன் என்று நானேதான் சொன்னேன். அவன் கேட்கவில்லை.

வலது பக்கத்துக் காயிலைக் காட்டி, இந்த மாதிரிதான் அக்கா, இது இடது பக்கத்துக்கு என்று சொல்லிவிட்டுக் கட்டையையும் கம்பியையும் கொடுத்தான். தார் சுற்றும் ராட்டையில் கட்டையைப் பொருத்தினேன். மூன்று நாள் பகல் முழுக்க உட்கார்ந்தேன். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை எடுத்து வைத்தேன். இருபத்தாறு கொட்டை, அதற்கு மேல் நாற்பது சுற்று. ஒரு இடத்தில்கூடக் கம்பி அறவில்லை, ஒரு சுற்றுகூட இன்னொன்றின் மேல் ஏறவில்லை. வலது பக்கத்துக் காயில் வலமாகச் சுற்றியிருந்தது. ஆகவே இடது பக்கத்துக் காயிலை இடமாகச் சுற்றினேன். கவனக்குறைவு இல்லை, நன்றாக யோசித்துச் செய்தேன். அன்னப் புடவையில் பட்டது போதும், இடதும் வலதும் தெரியாத வீடு என்று இன்னொரு முறை யாரும் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே இல்லை என்று இருந்தேன்.

தம்பி தடித்த சுற்றை அதன் மேல் பழையபடி நுழைத்து, தகடுகளை அடுக்கி மூடினான். மார்கழிப் பிறப்பன்று இடது பக்கம் முதல் தடவையாகப் பாடியது. அவனிடம் அப்போது ஒரே ஒரு ஸ்பீக்கர் பெட்டிதான் இருந்தது. அதை இடது பக்கத்தில் மாட்டினால் அருமையாகப் பாடும், வலது பக்கத்தில் மாட்டினால் அருமையாகப் பாடும். மெஷினால் முடியாததை என் அக்கா கையால் சுற்றினாள் என்று கண்ணாயிரத்திடமே போய்ச் சொல்லிவிட்டு வந்தான். தை மாதம் கடை திறக்கிறேன், அதற்கு முந்தின ஞாயிறு வந்து கேட்கிறேன் என்று அவர் நாள் குறித்துவிட்டார்.

இரண்டாவது பெட்டி அந்த ஞாயிற்றுக்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் தச்சரிடமிருந்து வந்தது. இரண்டையும் மாட்டிக் கேட்டான். முகம் மாறிவிட்டது.

தனியாகக் கேட்டால் குறையே இல்லை. இரண்டும் சேர்ந்து பாடினால் அடிச்சத்தம் கரைந்துபோகிறது. நடுவில் உட்கார்ந்தால் பாடுகிறவர் எங்கிருந்து பாடுகிறார் என்றே தெரியவில்லை. அந்த ஆறு நாளும் அவன் தறியில் இறங்கவில்லை. வால்வை இடம் மாற்றினான், கண்டென்சரை மறுபடி மாற்றினான், கட்டத்தாளை விரித்து ஒவ்வொரு பற்றவைப்பையும் தொட்டுப் பார்த்தான். நான்காம் நாள் என்னிடம் வந்தான்.

"அக்கா, அந்தக் காயிலு… அது மாதிரியேதான சுத்தன?"

"ஒரு சுத்து கொறஞ்சிருந்தா பிரிச்சு எண்ணிக் காட்டுடா" என்றேன்.

"எண்ணிக்கைய சொல்லலக்கா. நீ எப்டி…"

அவனை முடிக்க விடவில்லை. இருபத்தைந்து வருடமாகச் சுற்றுகிறவளுக்குக் கற்றுத்தர வந்தாயா, அன்னத்தைத் திருப்பிக் கட்ட மறந்தவன் நீயா நானா என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டேன். இரண்டு நாள் நான் அவன் வீட்டு உலையில் வடித்த சோற்றைத் தொடவில்லை. எனக்குத் தனியாகப் பொங்கிக்கொண்டேன். இரண்டாம் நாள் வந்து, தப்பாகக் கேட்டுவிட்டேன் அக்கா, சாப்பிடு என்றான். அதன் பிறகு பெட்டியில் எல்லாவற்றையும் மறுபடி பிரித்தான். அந்தக் காயிலை மட்டும் தொடவில்லை. அதுதான் நடந்தது. இந்த இடத்தை நான் மாற்றி எழுதினால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ரேடியோவில் நாதஸ்வரம். கூடத்தில் பதினைந்து பேருக்குக் குறையாது. தம்பி சலவை வேட்டி கட்டியிருந்தான். முதலில் இடது பெட்டியை மட்டும் பாடவிட்டான். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பிறகு வலது பெட்டி. அதற்கும் ஆட்டினார்கள். பிறகு இரண்டையும் சேர்த்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தவில் எப்படிக் கேட்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பிறந்த நாள் முதல் சுவாமி புறப்பாட்டில் கேட்கிறோம். அந்தத் தவிலுக்கு வயிறே இல்லை. தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்டது. கண்ணாயிரம் இடது மூலைக்குப் போய் நின்றார், வலது மூலைக்குப் போய் நின்றார், நடுவில் வந்து உட்கார்ந்தார். யாரோ ஒருவர் பின்னால் சிரித்தார். கண்ணாயிரம் சிரிக்கவில்லை.

"தனித்தனியா ரெண்டு பேரும் நல்லாத்தான் பாடறாங்கப்பா. சேந்து பாடுங்கடான்னா ஒருத்தன் வாய ஒருத்தன் பொத்தறான்" என்றார்.

பத்து நாள் கொடுங்கள் அண்ணே என்று தம்பி கேட்டான். அந்தக் குரலில் அவன் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. கடை திறக்கிற நாள் குறித்தாயிற்று, வருகிறவன் கொண்டுவருகிற பெட்டியிலும் இப்படி ஆனால் என் பெயர் என்ன ஆவது என்று கண்ணாயிரம் சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த நாற்காலியில் அவருடைய மச்சான் உட்கார்ந்தார்.

மறுநாள் தம்பி குழியில் இறங்கினான். மாசியில் மிச்சமிருந்த வால்வுகளைத் திருப்பிக் கொடுக்க ஒருமுறை ரிச்சி தெருவுக்குப் போய் வந்தான். அன்று இரவு சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டதற்கு, பேருந்தில் தலைவலி என்றான். மறுவாரமே ஆம்ப்ளிபயர், டியூனர், இரண்டு பெட்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக் கண்ணாயிரத்தின் கடையில் இறக்கிவிட்டு வந்தான். கட்டத்தாளையும் சேர்த்துக் கொடுத்துவிட்டான். கண்ணாயிரம் ஒரு ஸ்பீக்கரைக் கடையிலும் இன்னொன்றைப் பக்கத்து டீக்கடையிலும் வைத்தார். தனித்தனியாக இருந்ததால் இரண்டும் நன்றாகவே பாடின. நான் அந்தப் பக்கம் போனால் தலையைத் திருப்பிக்கொள்வேன். இதைத்தான் சேர்த்து வைக்க முடியவில்லையே இவனால் என்று எனக்குத் தம்பி மேல்தான் கோபம்.

1977 ஆடியில் சென்னையில் அந்தக் கீழ் வரிசைக்கான ஒலிபரப்பைத் தொடங்கினார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. ரேடியோவே இல்லாத வீடாகிவிட்டது எங்கள் வீடு. ஆவணியில் ஒருநாள் காலை, வாலாஜாபாத்தில் ஒரு காரியத்துக்குப் போகப் பேருந்து நிலையத்துக்குப் போனேன். தவில் கேட்டது. ஊர்வலம் வருகிறது என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். ஊர்வலம் வரவில்லை. சத்தம் கண்ணாயிரத்தின் கடையிலிருந்து வந்தது. கூரை மேல் மூன்று ஆள் உயரத்துக்குக் கம்பம் நட்டு ஏரியல் கட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு பெட்டிகளும் பக்கத்துக்கு ஒன்றாக இருந்தன. தவிலடி நெஞ்சில் வந்து விழுந்தது. நாதஸ்வரக்காரர் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில் நின்று வாசிக்கிற மாதிரி இருந்தது. டியூனர் முள் கீழ் வரிசையில் நின்றது. நான் முறுக்கிய பட்டு நூல் அப்படியே இருந்தது.

எப்படிச் சரியாயிற்று என்று கண்ணாயிரத்தைக் கேட்டேன். சென்னையில் ரேடியோ வேலை பார்க்கிற ஒருவர் கல்யாணப் புடவை எடுக்க வந்தாராம். டீக்கடைப் பெட்டியையும் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துக் கேட்டதும் சிரித்தாராம்.

"ஒண்ணுமே இல்ல மங்கையம்மா. உள்ள ஒரு காயில எவனோ திருப்பிச் சுத்தியிருக்கான். ஒரு பொட்டி காத்த வெளிய தள்றப்ப இன்னொண்ணு உள்ள இழுக்குது. ரெண்டும் ஒரே பக்கம் தள்ளணுமாம். ஒரு ஸ்பீக்கர் பின்னாடி இருக்கற ரெண்டு ஒயர இட வலமா மாத்திப் போட்டாரு. ஒரு நிமிசம்கூட ஆவல."

எவனோ என்றுதான் அவர் சொன்னார். நான் சுற்றியது அவருக்கு மறந்துபோயிருந்தது.

நான் பேருந்து ஏறவில்லை. வீட்டுக்கு நடந்தேன். தம்பி தறியில் இருந்தான். நான் இல்லாததால் இடது பக்கத்தில் இந்திராணி உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்து, கேட்டதைச் சொன்னேன். அவன் நாடாவை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா" என்றான்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். வால்வு திருப்பப் போன அன்றே ரிச்சி தெருக் கடைக்காரர் சொல்லிவிட்டாராம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கடையை அதற்குள் மச்சானுக்குக் கொடுத்தாயிற்றே என்றான். அது பதில் இல்லை என்றேன். தறிப் பலகையால் இழையை அடித்துச் சேர்த்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"சொல்லியிருந்தா நீ இந்தப் பக்கம் உக்காந்திருப்பியாக்கா? கடையும் போச்சு. நீயும் எழுந்துட்டா நான் யார வெச்சு நெய்யறது?"

உட்கார்ந்திருக்க மாட்டேன் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் கண்ணாயிரத்தின் கடைக்குப் போய், நாலு பேர் இருக்கும்போது, திருப்பிச் சுற்றினவள் நான், அவன் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அதைச் சொல்லி இப்போது என்ன ஆகப்போகிறது, மச்சான் கடைக்கு வந்து நாலரை வருடம் ஆகிறதே என்றார் கண்ணாயிரம். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வாய் சும்மா இருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் தெருவுக்கு வந்துவிட்டது. வந்தபோது அது வேறு மாதிரி வந்தது. அக்கா தப்பாகச் சுற்றியதைக் கண்டுபிடிக்கத் தெரியாதவனெல்லாம் மெக்கானிக்காம் என்று.

இந்திராணிதான் அதை அவனிடம் சொன்னாள். அவன் என்னிடம் கத்தவில்லை. "நாலரை வருசமா மூடி வெச்சிருந்தேன். உனக்கு ஒரு நாள் தாங்கலியாக்கா?" என்றான். அதற்குப் பிறகு ஒரு வாரம், நாடாவைக் கேட்பதைத் தவிர என்னோடு பேச்சு இல்லை.

கண்டுபிடிக்கத் தெரியாதவன் இல்லை. நான்காம் நாளே சரியான இடத்தில் வந்து நின்று சரியான கேள்வியைக் கேட்டான். நான்தான் கேட்க விடவில்லை. இதை இத்தனை பேருக்கு வாயால் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன். இதற்கும் அவன் கோபித்துக்கொள்வான் என்று தெரியும்.

இது 1979. அவனுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. டாக்டர் சொன்ன ஐம்பது வரைக்கும் அது காத்திருக்கவில்லை. போன பொங்கலிலிருந்து கோல் ஊன்றுகிறான். குழியில் இறங்க ஒரு பக்கம் இந்திராணி, ஒரு பக்கம் நான். இறங்கிய பிறகு கோலை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு நான் என் பக்கத்தில் உட்காருவேன்.

இப்போது தறியில் இருப்பது மயில் கரை. கரைக்கு நூல் கட்டும்போது அவன் கட்டினதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவன் மறுபடி பார்த்தான். இடது மயில் வலதைப் பார்க்கிறது, வலது மயில் இடதைப் பார்க்கிறது. இந்தப் புடவையை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.